பேட்டரியில் பூத்த விபூதி

காலைக் கொஞ்சம் அந்தாண்ட வச்சுக்குங்க தம்பி. வேட்டியில பட்டா ஓட்டையாயிடும். சாக்குல சுத்தித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும் இந்த ரோட்டுல பஸ்ஸு குதிக்கிற குதியில உள்ள இருக்கிறது தளும்பும். பேட்டரி தம்பி, பெரிய பேட்டரி. கண்டக்டர் ஏத்தவே மாட்டேன்னுட்டாரு. கால்ல விழாத குறைதான். ஆஸ்பத்திரிக்குப் போறேன்யா, வீட்டுல அங்க படுத்துக் கெடக்குதுய்யான்னேன். ஆஸ்பத்திரிக்கு எதுக்குய்யா பேட்டரின்னாரு. நியாயமான கேள்விதான். பஸ்ஸு கெளம்புற நேரத்துல அவருக்கு என்னான்னு சொல்றது? நீங்க டவுன் வரைக்கும் வர்றீங்கல்ல? அப்ப உங்ககிட்ட சொல்லலாம்.

என் வீட்டுக்காரி என்னோட பேச மாட்டேங்குறா தம்பி. பதினோரு நாளாச்சு. பேச்சு வராம இல்ல. நர்ஸம்மாகிட்ட பேசுறா. பக்கத்துக் கட்டில் பொம்பளைகிட்ட அவங்க ஊரு, அவங்க புள்ளைங்க எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கா. எங்க மக பொற்கொடி டவுன்லதான் கட்டிக்குடுத்திருக்கு, அது போனா அதுகிட்ட பேச்சு ஓயாது. நான் உள்ள நுழைஞ்சா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறா. முப்பத்தோரு வருசம் குடும்பம் பண்ணியிருக்கோம். சண்டை போட்டா தட்டை நங்குன்னு வைப்பா, ஏசுவா, ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பா, அப்புறம் அதுவா சரியாயிடும். இப்புடிச் செவுத்தைப் பாத்துப் படுத்தது கெடையாது. நேத்து வராந்தாவுல நின்னு அழுதுட்டு வந்தேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்னா வெக்கம்.

அதுக்குத்தான் இது. டவுனுக்குள்ள நுழையறப்ப பாலம் வருதுல்ல, அதுக்குக் கீழ ஒரு பேட்டரிக் கடை இருக்கு. அங்க ஏதோ மெஷினு வச்சுப் பாத்து, நல்லா இருக்கா கெட்டுப்போச்சான்னு சீட்டு எழுதித் தர்றாங்களாம். நல்லாத்தான் இருக்குன்னு எழுதி வாங்கிட்டா போதும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி அவ கண்ணு முன்னாடி காட்டுவேன். பாரு தையல்நாயகி, என் மேல தப்பில்லன்னு. நாலு மணியிலேர்ந்து அஞ்சு வரைக்கும்தான் உள்ள விடுவாங்க. இப்ப மணி என்னா? மூணா? பஸ்ஸு ஏன் இப்புடி ஊருது?

என்னா, நெத்தியையே பாக்குறீங்க? அது விபூதிதான். அதையும் சொல்றேன், இருங்க.

நான் வைரக்கண்ணு. எங்க ஊரு கடலோரத்துல கடைசி ஊரு, அதுக்கு அந்தாண்ட உப்பளமும் இறால் குட்டையும்தான். அங்க புயல் கட்டடம்னு ஒண்ணு கட்டியிருக்கு கவர்மெண்டு. புயல் அடிச்சா சனங்க வந்து தங்குறதுக்கு. மேடா, தூணு மேல நிக்கும். ஒம்பது வருசமா அதுக்கு வாட்ச்மேன் நான். அஞ்சு சாவியும் என் இடுப்புலதான். மேல போறதுக்குச் சரிவா ஒரு பாதை, அதுக்குப் பக்கத்துல கம்பி போட்ட ரூம்பு, அந்த ரூம்புல ஜெனரேட்டரு. சின்ன மெஷினு இல்ல, கயித்தைப் போட்டு இழுத்துக் கெளப்ப முடியாது. சாவியத் திருப்பணும். திருப்பினா பேட்டரி அதை ஒரு தள்ளு தள்ளி விடும், அப்புறம் அது பாட்டுக்கு ஓடும். அந்த ஒரு தள்ளுதான் பேட்டரிக்கு வேலை.

ஒரு தள்ளு. அதுவும் எப்ப? புயல் வந்தா. புயல் என்னா மாசாமாசமா வருது? ஒம்பது வருசத்துல எங்க பக்கம் நெருங்கினதே இதுதான் மொத தடவ.

மெஷினை எறக்கி வச்சுட்டுப் போன மெக்கானிக்கு என்கிட்ட நாலு வார்த்தை சொல்லிட்டுப் போனாரு. மாசத்துக்கு ஒருக்கா அரை மணி நேரம் ஓட்டி விடுங்க. கோடு வரைக்கும் பேட்டரித் தண்ணி ஊத்துங்க. முனை ரெண்டையும் தொடைச்சு, வாசலின் தடவி வைங்க. அவ்வளவுதான் பெரியவரே, குழந்தை மாதிரின்னாரு. எனக்கு அந்த வார்த்தை புடிச்சிருந்துச்சு தம்பி. குழந்தை மாதிரி. எங்களுக்குப் பொற்கொடி ஒண்ணுதான், அதுவும் கல்யாணமாயிப் போயிடுச்சு. இதுக்கு மேல மூடி ஆறு இருந்துச்சா, ஆறுமுகம்னு பேரு வச்சேன். தையல்நாயகி சிரிச்சா. கட்டையில போற வயசுல ஆம்பளப் புள்ள பெத்திருக்கீங்கன்னா.

அவரு சொன்னதை அச்சுப் பெசகாம செஞ்சேன். சரி, ஒண்ணு ரெண்டு நம்ம தோதுக்கு மாத்திக்கிட்டேன், அது யாரும் செய்யறதுதானே. கோடு வரைக்கும் தண்ணின்னாரு. எதுக்கு அரை வயித்துல விடணும்னு வாய் நெறைய ஊத்துவேன். ஆறு வாய்க்கும் தளும்பத் தளும்ப. கார்த்திகைக்குக் கோயில் தீர்த்தம் ஆளுக்கு ஒரு சொட்டு. வாசலின்னாரு. ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற எடத்துல வழவழன்னு எண்ணெயவா தடவறது? சந்தனத்தைக் கொழைச்சு மேல பூராவும் பூசி, பொட்டு வச்சு, விபூதி இட்டு, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் சுத்தி வைப்பேன். குளிருக்குச் சாக்கு. ஊர்ல எந்த பேட்டரிக்கு இப்புடி நடந்திருக்கும் சொல்லுங்க.

ஓட்டுறதா? மொத வருசம் ஓட்டினேன். மாசாமாசம், தவறாம. அப்புறம் டீசல் குடுக்கிறத நிறுத்திட்டாங்க. கேன்ல இருபது லிட்டர் மிச்சம் இருந்துச்சு. யோசிச்சேன். இதையும் சும்மா ஓட்டி எரிச்சுட்டு, நாளைக்கே புயல் வந்தா எதை ஊத்துறது? பூட்டி வச்சேன். அதுல என்னா தப்பு? புயலன்னைக்கு அந்த இருபது லிட்டரும் அப்புடியே இருந்துச்சு தம்பி. ஒரு சொட்டு கொறையல.

கேட்டு வராதவங்க கெடையாது. கல்யாணத்துக்குக் குடு, திருவிழாவுக்குக் குடு, டீசல் நாங்க ஊத்திக்கிறோம். இறால் குட்டை வச்சிருக்கான் கலையரசன்னு ஒருத்தன், ஒருக்கா அவன் மெஷினு நின்னுபோச்சு, ரெண்டு மணி நேரம் குடுண்ணே, குட்டையில காத்து போகாம இறால் பூரா செத்துடும்னு கெஞ்சினான். மாட்டேன்னுட்டேன். இது ஊரு உசுருக்கு வச்சது, உன் இறாலுக்கு இல்லடான்னேன். எட்டு வருசம் ஒரு விரல் அது மேல பட்டதில்ல. என் கை மட்டும்தான். அந்தப் பெருமை எனக்கு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல.

தையல்நாயகி மட்டும் அப்பப்ப சொல்லுவா. ஏங்க, ஒருக்கா ஓட்டித்தான் பாருங்களேன், வீட்டுல மிக்ஸியே ஒரு மாசம் போடலன்னா மக்கர் பண்ணுதுன்னு. மிக்ஸியும் ஜெனரேட்டரும் ஒண்ணா? உனக்கு என்னா தெரியும், அடுப்பப் பாருன்னுடுவேன்.

அவளுக்கு இழுப்பு உண்டு தம்பி. ஆஸ்துமா. பனி வந்தா நெஞ்சு கீச்சு கீச்சுன்னு கத்தும். வாயில அடிக்கிற பம்பு ஒண்ணு, அதுக்கும் அடங்கலன்னா கரண்டுல போடுற மெஷினு ஒண்ணு, மருந்தைப் புகையாக்கிக் குடுக்கும். அதை மூஞ்சியில வச்சுப் பத்து நிமிசம் இழுத்தா அடங்கிடும். கரண்டு இருந்தா அவளுக்கு ஒண்ணும் கெடையாது. கரண்டு இருந்தா.

இப்ப விபூதிக்கு வாரேன். மூணு வருசம் முந்தி சாக்கை எடுத்துப் பாக்குறேன், முனையில வெள்ளையா பூத்திருக்கு. வயரு மாட்டுற எடத்துல, பொருபொருன்னு. நான் ஆயுத பூசைக்கு இட்ட விபூதி அந்நேரம் உதுந்து போயிருக்கும், மாசம் ஆறாச்சு. இது புதுசு. தொட்டுப் பாத்தேன், சாட்சாத் விபூதி. லேசா நீலம் பாரிச்சிருக்கு. நீலம் தம்பி! நீலகண்டன்! எனக்கு மயிர்க்கால் சிலிர்த்துப் போச்சு. ஆறுமுகம்னு மகன் பேரை வச்சா, மேல அப்பனே வந்து உக்காந்துட்டாருன்னு நெனச்சேன். தொடைக்கவா தோணும்? கையெடுத்துக் கும்புட்டேன். எடுக்க எடுக்கப் பூத்துச்சு. கொஞ்சம் காயிதத்துல மடிச்சு வீட்டுக்குக் கொண்டுபோயி, தலைமாட்டுச் சம்படத்துல போட்டு வச்சேன். தெனம் குளிச்சுட்டு ஒரு கீத்து. இன்னைக்கு இட்டிருக்கிறதும் அதுதான்.

அவ ஒரு நாள் இட்டுக்கிட்டா. கொஞ்ச நேரத்துல, ஏங்க எரியுதுங்கன்னா. எனக்கு எரியலையே, உனக்கு மட்டும் என்னா எரியுதுன்னேன். நம்பி இட்டாத்தான் குளிரும்னு சொன்னேன். அவ போயிக் கழுவிக்கிட்டா. அப்புறம் அந்தச் சம்படத்தை அவ தொட்டதில்ல.

செக்கிங்கா? டிக்கெட்டு எடுத்துட்டேன் சார், பேட்டரிக்கும் எடுத்துட்டேன். பாருங்க.

புயல் வரப்போகுதுன்னு ரேடியோவுல, டிவியில, போலீசு மைக்குல எல்லாத்துலயும் சொல்றாங்க. பொற்கொடி போன்ல அழுவுது. அப்பா, அம்மாவை இங்க அனுப்பிடு, இங்க ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு, எங்க வேனு நாளைக்கு அந்தப் பக்கம் வருதுன்னு. தையல்நாயகி துணிமணியெல்லாம் பையில எடுத்து வச்சுட்டா. நான்தான் பையைப் புடுங்கி உள்ள வச்சேன். ஊர்ச் சனம் பூரா என் கட்டடத்துக்கு வருது, வாட்ச்மேன் பொண்டாட்டி டவுனுக்கு ஓடினா என்னா நெனப்பாங்க? எங்கிட்ட ஜெனரேட்டரு இருக்கும்மா, உங்க ஆஸ்பத்திரிக்குக் கரண்டு போனாலும் இங்க போவாதுன்னு பொற்கொடிகிட்ட பெருமையா சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

காலையிலயே காத்து புடிச்சுக்கிச்சு. பத்து மணிக்குக் கரண்டு போச்சு. மாடியில நூத்தி நாப்பது பேரு. ஜன்னலைச் சாத்தினா பட்டப்பகல்ல கும்மிருட்டு, தொறந்தா மழை உள்ள அடிக்குது. எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. இருங்க, சாயங்காலம் வரைக்கும் டீசலை மிச்சம் புடிப்போம்னேன். பன்னெண்டு மணிக்கு அவளுக்கு இழுப்பு வந்துச்சு. பம்பை அடிச்சா, ரெண்டு அடியில பம்பு தீந்து போச்சு. நான் கவலையே படல தம்பி. சத்தியமா படல. இதோ வந்துட்டேன்னு அவ கையத் தட்டிக் குடுத்துட்டுக் கீழ எறங்குனேன். டீசலை ஊத்தினேன், ஆறுமுகத்தைக் கும்புட்டேன், சாவியத் திருப்பினேன்.

டக்.

அவ்வளவுதான். ஒரு டக். மறுபடி திருப்பினேன், டக். மூணாவது தடவ அந்த டக்கும் வரல. வயரை ஆட்டினேன், கும்புட்டேன், ஏசினேன், அழுதேன், ஆறுமுகம் ஆறுமுகம்னு கத்தினேன். அந்தக் காத்துல என் சத்தம் எனக்கே கேக்கல. மேல ஓடுறேன், அவ ரெண்டு கையையும் தரையில ஊனி உக்காந்திருக்கா, வாயத் தொறந்து தொறந்து மூடுறா. கீழ ஓடுறேன், டக்கு கூட இல்ல. எத்தனை தடவ ஏறி எறங்கினேன்னு கணக்கில்ல. பக்கத்துல புகை மெஷினு வயரோட தயாரா இருக்கு. மருந்து ஊத்தி வச்சிருக்கு. ஒரு தள்ளு தம்பி. ஒரே ஒரு தள்ளு.

கலையரசன்தான் போனான். நான் இறாலுக்கு மெஷினு குடுக்காம வெரட்டினேன்ல, அவன்தான். கரை மேல மரமெல்லாம் முறிஞ்சு கெடக்கு, அது வழியா குட்டைக்குப் போயி, அவன் ஜெனரேட்டரு பேட்டரியக் கழட்டித் தலையில தூக்கிட்டு வந்தான். ரெண்டு மணி நேரம் ஆச்சு. முதுகெல்லாம் கீறி ரத்தம். அந்த பேட்டரியப் பாக்கணுமே நீங்க. சேறு அப்பிக் கெடக்கு, ஒரு பொட்டு கெடையாது, பூ கெடையாது. தெனம் அடிச்சு ஓட்டுறவன், எங்க பூசை பண்ணுவான். அதை மாட்டித் திருப்பினான். மொத திருப்புல புடிச்சுக்கிச்சு.

அதை வச்சுத்தான் எல்லாரும் என்னையப் பேசறாங்க. பேட்டரிதான் போச்சு, நீதான் போக்கடிச்சேன்னு. நான் என்னா சொல்றேன், அது வரைக்கும் நான் முப்பது தடவ திருப்பியிருக்கேன், மெஷினு அதுல சூடேறியிருக்கும், அவன் திருப்புறப்பப் புடிச்சிருக்கும். நடக்கும்ல? நடக்காதா? புகை மெஷினை வச்சப்ப அவளுக்கு ஒதடெல்லாம் நீலம். அப்புறம் காத்து அடங்கி ஆம்புலன்ஸு வந்து, டவுனுல கொழா போட்டு நாலு நாள் வச்சிருந்து, அஞ்சாம் நாள் கண்ணு முழிச்சா. முழிச்சவ என்னைப் பாத்தா. பாத்துட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பினா. அன்னையிலேர்ந்து பதினோரு நாள்.

சாக்கைப் பிரிக்கணுமா? எதுக்கு? பாருங்க, தாராளமா பாருங்க. நான் ஒண்ணும் மறைக்கல.

நீங்க லாரி ஓட்டுறவரா? இருபது வருசமாவா? அடப்பாவி, மொதல்லயே சொல்லக் கூடாதா? இவ்வளவு நேரம் ஜெனரேட்டருன்னா என்னான்னு உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன் பாருங்க. சொல்லுங்க, நல்லாத்தானே இருக்கு? ஒரு கீறல் இருக்கா?

என்னாது?

இல்ல, இது விபூதி. ஆறு மாசத்துல அதுவா... எல்லா பேட்டரியிலயும் பூக்குமா? உங்க லாரியிலயும்? தண்ணி வழிஞ்சா, ஆசிட்டு கசிஞ்சு ஈயத்தைத் தின்னா. அதுக்கு நீலமும் வருமா? வயருல இருக்கிற செம்புனால நீலம். செம்புனால.

அதுக்கு என்னா பண்ணுவீங்க? வெந்நித் தண்ணியில சோடா உப்பக் கரைச்சு ஊத்தினா போயிடுமா. பழைய பல்லு பிரஷால தேய்ச்சா. அவ்வளவுதானா? அதுக்கு மேல வாசலின். அதனால மறுபடி பூக்காது. ஆமா, மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னாரு. சந்தனம் ஈரத்துல கரண்டைக் கசிய விடுமா? கொஞ்சம் கொஞ்சமா? சும்மாவே கெடந்தாலும் எறங்கிப் போகுமா தம்பி, யாரும் தொடாமலே? நான் தொடாம வச்சிருந்தா அப்புடியே இருக்கும்னுல்ல நெனச்சேன். நெல்லு மாதிரி. பூட்டி வச்சா இருக்கும்னு. ஓட்டினாத்தான் அது நெறையுமா?

அப்ப மாசத்துக்கு அரை மணி. கல்யாணத்துக்குக் குடுத்திருந்தா கூட. அந்த இறாலுக்குக் குடுத்திருந்தா கூட.

அவ சொன்னா. மிக்ஸின்னு சொன்னா.

தம்பி, ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் உங்ககிட்ட. பொற்கொடிகிட்ட கூடச் சொல்லல. கலையரசன் போயிருந்தானே, அந்த ரெண்டு மணி நேரம். எனக்கு வேற என்னா செய்யறதுன்னு தெரியல. கீழ ஓடி, இந்த முனையிலேர்ந்து கை நெறைய வழிச்சு எடுத்துட்டு வந்து, அவ நெத்தியில பூசினேன். நெஞ்சுல பூசினேன். நம்பு தையல்நாயகி, நம்பு, உனக்கு நம்பிக்கை இல்லாமத்தான் இப்புடின்னு அவகிட்ட கத்தினேன். மூச்சு வாங்க முடியாதவகிட்ட. அவளுக்குக் கையத் தூக்கத் தெம்பு இல்ல தம்பி. அந்தக் கையத் தூக்கினா. தூக்கி, நெத்தியத் தொடைச்சா. என்னையப் பாத்துக்கிட்டே தொடைச்சா. நான் மறுபடி பூசினேன். மறுபடியும் தொடைச்சா.

ஆஸ்பத்திரியில அவ நெத்தியில செவப்பா ஒரு தடம் இருக்கு. நர்ஸம்மா அதுக்குத் தனியா மருந்து போடுது.

பாலமா? யாரு பாலம்னு கேக்குறாரு. நான்தான் பாலம்னு சொல்லியிருந்தேன். இல்ல தம்பி, நீங்க உக்காருங்க, எந்திரிக்காதீங்க. எறங்கல சார்! ஆஸ்பத்திரியில எறங்கிக்கிறேன், நீங்க ரைட்டு குடுங்க. சீட்டு எதுக்கு இனிமே? அவகிட்ட காட்டறதுக்கு எந்தச் சீட்டும் வேண்டாம். இதை ஆஸ்பத்திரி கேட்டுல இருக்கிற வாட்ச்மேன்கிட்ட வச்சுட்டுப் போறேன். ஒரு மணி நேரம் பாத்துக்க மாட்டாரா என்னா. மணி என்னா, மூணே முக்காலா? சரியா இருக்கும்.

உங்க பாட்டில்ல தண்ணி இருக்கா தம்பி? குடிக்கிறதுக்கு இல்ல. இந்தத் துண்டை நனைச்சுக் குடுங்க. இதோட அவ முன்னாடி போயி நிக்க முடியாது. பதினோரு நாளும் நெத்தியில இதை வச்சுக்கிட்டுத்தான் தம்பி போயி நின்னிருக்கேன்.

போயிடுச்சா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வெள்ளை இல்லையே? செவந்திருக்கா? இருக்கும்.

எரியுது தம்பி. எனக்கு எரியலன்னு அவகிட்ட சொன்னேன்ல. எனக்கும் எரிஞ்சுச்சு. இட்ட மொத நாளே எரிஞ்சுச்சு.